வந்தவர் போனபின் எது நிற்கும்?

தொண்டர் என்ற சொல் எமக்குப் புதியதல்ல. வாகனத்தில் வந்து இறங்குவார்கள். கொப்பியும் பேனையுமாக மரநிழலில் இருந்து குடும்ப விபரம் எடுப்பார்கள். ஒரு திட்டம் தொடங்கும். காலக்கெடு முடிந்ததும் போய்விடுவார்கள். அவர்களில் அநேகர் நல்லெண்ணத்தோடு வந்தவர்களே. ஆனால் நல்லெண்ணம் மட்டும் ஒரு வயலை விளைவிக்காது. வெளிநாட்டவரும் உள்ளூரவரும் சேர்ந்து செய்யும் வேலை எப்போது பலன் தருகிறது, எப்போது பாழாகிறது? இதை அறிய விரும்புவோர் மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டில் உள்ள யாதெங்கா மாகாணத்தைப் பார்க்கலாம். அங்கே ஒரே மண்ணில் இரண்டு விதமான வேலையும் நடந்தது.

யாதெங்கா வரண்ட பூமி. அங்குள்ள மொசி இனக் கமக்காரர் இறுங்கும் கம்பும் பயிரிடுபவர்கள். மழை ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே. 1968 முதல் 1973 வரை நீடித்த பெரும் வரட்சி மண்ணையும் மக்களையும் ஒருங்கே வாட்டியது. மேல்மண் அடித்துச் செல்லப்பட்டு, நிலம் ஓடுபோல இறுகியது. பெய்த மழையும் உள்ளே சுவறாமல் ஓடிப்போயிற்று. இளைஞர்கள் கூலி வேலை தேடி அயல்நாடான ஐவரி கோஸ்ற்றுக்குப் போனார்கள்.

வரட்சிக்கு முன்னரே, 1962 முதல் 1965 வரை, ஐரோப்பிய உதவியுடன் அங்கே ஒரு பெரிய மண் பாதுகாப்புத் திட்டம் நடந்தது. பாரிய இயந்திரங்கள் வந்தன. ஓர் இலட்சம் ஹெக்டெயருக்கு மேற்பட்ட நிலத்தில் மண் அணைகள் எழுந்தன. கமக்காரரை யாரும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது தன் பயிரின் காலடியில் தண்ணீர் நிற்பது. பொறியியலாளர் கட்டிய அணையோ தண்ணீரை வயலுக்கு வெளியே திருப்பிவிட்டது. தான் கேளாத அணையை அவர் பராமரிக்கவில்லை. சில ஆண்டுகளில் அணைகள் உடைந்து கரைந்தன. ‘மக்கள் ஒத்துழைக்கவில்லை’ என்பது இப்படியான இடங்களில் வழமையாக எழுதப்படும் வாக்கியம். ஒத்துழைக்கும்படி அவர்களை எவரும் அழைக்கவில்லை என்பதே உண்மை.

1979 இல் ஒக்ஸ்பாம் நிறுவனத்தின் உதவியுடன் வேறொரு வேலை சிறிய அளவில் ஆரம்பமானது. வெளிநாட்டுப் பணியாளர் கொண்டுவந்த எண்ணம் மரம் நடுவது. நெகேவ் பாலைவனத்தில் செய்வதுபோல ஓடும் மழைநீரைச் சிறு வரம்புகளால் மறித்து, மரக்கன்றுகளுக்குப் பாய்ச்சலாம் என்பது அவர்களின் திட்டம். கமக்காரர் பார்த்தார்கள். மறித்த தண்ணீர் மரத்துக்கு உதவுமானால் சோற்றுக்கும் உதவும் அல்லவா? அவர்கள் அந்த இடங்களில் உணவுப் பயிரை விதைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் அந்தத் திட்டம் பிழைத்தது என்பேன். வந்தவர்கள் கோபிக்கவில்லை, ‘எங்கள் பணம் மரத்துக்குத் தந்தது’ என்று கணக்கும் பேசவில்லை. மரத்தைப் பின்னுக்கு வைத்து, பயிரை முன்னுக்கு எடுத்தார்கள். அதோடு ஊரவர் பண்டு தொட்டுச் செய்துவந்த ஒரு பழக்கத்தையும் கவனித்தார்கள். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கும் பழக்கம் அது. கல் வரம்பு தண்ணீரை முழுதாக மறிக்காது. வேகத்தைத் தணித்து, இடுக்குகளால் மெல்லக் கசியவிடும். சருகும் எருவும் நல்ல மண்ணும் பின்னால் தங்கும். ஒரு சாண் உயரமே போதும்.

குறை ஒன்று இருந்தது. நிலம் ஏறக்குறைய சமதரை. சரிவு கண்ணுக்குத் தெரியாது. சம உயரத்தில் போகாத வரம்பில் தண்ணீர் பள்ளமான இடம் பார்த்து உடைத்துக்கொண்டு போகும். இந்தக் குறையைத் தீர்த்தது எங்கள் மேசன்மார் அத்திவாரம் வெட்டும்போது மட்டம் பார்க்கும் அதே தண்ணீர்க் குழாய்தான். ஒளி ஊடுருவும் நீண்ட குழாய் ஒன்று, அளவு குறித்த தடி இரண்டு, கொஞ்சம் தண்ணீர். இரு தடிகளிலும் தண்ணீர் ஒரே அளவில் நிற்கும் இடங்கள் சம உயரம். அவற்றை மண்வெட்டியால் குறித்துக்கொண்டே போனால் வரம்பு போகவேண்டிய கோடு கிடைத்துவிடும். செலவு சில டொலர்கள். எழுத வாசிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் பழகிவிடுவார். பழகியவர் அடுத்த ஊருக்குப் பழக்குவார். திட்டத்தை முன்நின்று நடத்தும் பொறுப்பும் நாளடைவில் அந்நாட்டவரான மத்தியூ ஊதிராகோவிடம் வந்தது.

குழாய் மட்டும் கல் சுமக்காது. ஊர் கூடித்தான் தேர் இழுக்கவேண்டும். யாதெங்காவில் அதற்கு ஏற்கெனவே ஓர் அமைப்பு இருந்தது. மொசி மக்களிடையே ஒத்த வயது இளையோர் சேர்ந்து ஒருவர் வயலில் மற்றவர் வேலை செய்யும் ‘நாம்’ என்னும் குழு முறை அது. எங்கள் சிரமதானத்துக்கு உறவானது. அம்மாகாணத்து ஆசிரியரான பேர்னாட் லெதெயா ஊதிராகோ 1967 இல் இந்த முறையிலிருந்தே ஊர்ச் சங்கங்களைக் கட்டத் தொடங்கினார். பிரெஞ்சு அபிவிருத்திப் பணியாளரான பேர்னாட் லெகொந்துடன் சேர்ந்து 1976 இல் ‘சிஸ் எஸ்’ என்ற அமைப்பை நிறுவினார். வரண்ட பருவத்தில் சும்மா இருக்கும் கைகளுக்கு வேலை தருவது அதன் நோக்கம். அதன் பணம் முன்கூட்டி எழுதிய திட்டத்தோடு வரவில்லை. எதற்குச் செலவிடுவது என்பதைச் சங்கங்களே தீர்மானித்தன. வெளிநாட்டவர் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய தொண்டு இதுவென்று எனக்குப் படுகிறது: பணத்தைத் தேடித் தந்துவிட்டு, தீர்மானத்தை ஊரிடம் விடுவது.

‘அப்படியானால் வெளியார் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. யாதெங்காவின் கூர்கா கிராமத்துக் கமக்காரர் யாக்கூபா சவதோகோவை அவர்கள் காட்டலாம். இறுகிய நிலத்தில் வரண்ட பருவத்திலேயே குழி தோண்டி எரு இட்டு, மழைக்குக் காத்திருக்கும் பழைய ‘ஸாய்’ முறையை 1980களின் தொடக்கத்தில் தானே திருத்தி, வெறுந்தரையில் பயிரும் காடும் வளர்த்தவர் அவர். அயலூராரைத் தன் நிலத்துக்கு அழைத்துக் காட்டிக் கொடுத்தார். 2018 இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் விருது கிடைத்தது. 2023 இல் காலமானார். அவருக்கு எந்த நிபுணரும் பாடம் எடுக்கவில்லை. ஆனாலும் வெளியார் வேண்டாம் என்பது என் முடிவல்ல. கல் ஊரிலே இருந்தது, கையும் இருந்தது, மட்டம் பிடிக்கும் குழாய் வெளியிலிருந்து வந்தது. இல்லாத ஒன்றைக் கொண்டுவருபவர் வரட்டும். இருப்பதை அறியாமல் எல்லாவற்றையும் கொண்டுவருபவரே தொல்லை.

ஊரவர் செய்ததெல்லாம் நீதியானது என்றும் சொல்லமுடியாது. ஆண்கள் வெளியே போன ஊர்களில் கல் பொறுக்கிச் சுமந்தவர்களில் பெரும் பங்கினர் பெண்கள். நிலத்தின் மீதான உரிமையோ பெரும்பாலும் ஆண்களிடம். சுமந்தவளுக்கு விளைச்சலில் என்ன பங்கு என்ற கேள்வியை வந்தவரும் இருப்பவரும் சேர்ந்தே கேட்கவேண்டும்.

இன்று அந்த மண்ணின் நிலை வேறு. 2015க்குப் பின் ஆயுத வன்முறை அந்நாட்டின் வடக்கைப் பிடித்துக்கொண்டது. 2017 இல் அமெரிக்காவின் ‘பீஸ் கோர்’ அமைப்பு பாதுகாப்புக் காரணத்தால் தன் தொண்டர் அனைவரையும் அந்நாட்டிலிருந்து திருப்பி அழைத்தது. வந்தவருக்குத் திரும்பிப்போக ஒரு நாடு இருந்தது. ஊரவருக்கு? 2023 இல் அந்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. கல் வரம்பைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடமுடியாது. இதன் வலியை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் குழாயில் மட்டம் பிடிக்கப் பழகிய கண்ணையும், குழி தோண்டி எரு இடப் பழகிய கையையும், சேர்ந்து வேலை செய்யும் வழக்கத்தையும் எவரும் பறிக்கமுடியாது. கட்டடமும் இயந்திரமும் மட்டும் கொடுத்த திட்டம் ஊரோடு போய்விடும். அறிவைக் கொடுத்த திட்டம் ஆளோடு வரும்.

ஆகவே, அடுத்த முறை நீங்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு நிறுவனம் வரும்போது, உங்கள் கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் கூடி அவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பார்த்தீர்களா? நாங்கள் வேண்டாம் என்றால் திட்டத்தை மாற்றுவீர்களா? நீங்கள் போன மறுநாள் இந்த வேலையை எங்களில் யார் செய்வார், அவருக்கு எப்போது பழக்குவீர்கள்? உதவி வேண்டிய நிலையில் இருப்பவர் கேள்வி கேட்டால் உதவி போய்விடுமோ என்று அஞ்சுவது இயல்பு. உண்மையான தொண்டர் இக்கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். கொப்பியை மடித்து வைத்துவிட்டு உங்களோடு இருந்து பேசுவார். அவரை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுங்கள். வேலையைத் தொடங்கலாம்.