கொசுவின் வாழிடத்தை 1956 பிரிக்கவில்லை

2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா தொற்று பாறசாலையைச் சேர்ந்த கருவுற்ற பெண் ஒருவருக்கு உறுதியானது. தமிழகம் உடனே எல்லைக் கண்காணிப்பை முடுக்கியது. யாரைக் கண்டறிய? தொற்றியோரில் பெரும்பாலோர்க்கு அறிகுறியே தோன்றாது. சாவடியின் வெப்பமானிக்கு அவர்கள் நலமானவர்கள். கருவின் மூளை வளர்ச்சியைக் குலைக்கவல்ல நோய்க்கு இதுவா அரண்?

ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்கு அப்பால் பறப்பது அரிது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே அதுவே போதும். வீடுகளும் ரப்பர்த் தோட்டங்களும் இடையறாது தொடர்கின்றன. 1956இன் கோடு நெய்யாற்றின்கரையைக் கேரளத்திலும் விளவங்கோட்டைத் தமிழகத்திலும் நிறுத்தியது, அவ்வளவே. நம் ஆய்வேடுகள் பலவும் அக்கோட்டிலேயே முடிந்துவிடுகின்றன. வருவாய்த்துறை வரைபடத்தை 'ஆய்வுப் பரப்பு' எனக் கொள்வது முறையியல் அன்று, வசதி.

மொழியியல் பயின்றவள் என்ற முறையில் இன்னொன்று. 'நீர் தேங்கும் கொள்கலன் உண்டா?' என்று வினாநிரல் கேட்டால் 'இல்லை' என்ற விடையே வரக்கூடும். பால்வெட்டு நின்ற மழைக்காலத்தில் கவிழ்க்காமல் விட்ட சிரட்டையை எவரும் கொள்கலன் என்பதில்லை. சிரட்டை என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. அதில் பெருகும் கொசுவும் பொது. இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் ஒரே வினாநிரலோடு, ஒரே பருவத்தில், கோட்டின் இருபுறமும் ஏன் இறங்கக்கூடாது?