மாற்றம் ஒரு தகுதிச் சான்றிதழா?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஹார்ட்கோர் குழுவான டர்ன்ஸ்டைல் 2025 ஜூனில் வெளியிட்ட 'நெவர் எனஃப்' தொகுப்பு நமக்கு ஒட்டவில்லை என்று சொன்னால், உடனே ஒரு பதில் வந்து விழுகிறது: "குழு வளர்ந்துவிட்டது, நீங்கள்தான் தேங்கிவிட்டீர்கள்." 'நான்ஸ்டாப் ஃபீலிங்' (2015) தொகுப்பிலிருந்தே இக்குழுவைப் பின்தொடர்ந்து வரும் நாம் இந்தப் பதிலை ஏற்க மறுக்கிறோம். படைப்பைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் கேட்பவரின் வயதைப் பற்றிப் பேசுவது விமர்சனம் ஆகாது.

மாற்றத்தை ஹார்ட்கோர் ரசிகர்கள் அறியாதவர்கள் அல்லர். அதிவேகத்துக்குப் பேர்போன ப்ளாக் ஃப்ளாக் குழு 1984இல் 'மை வார்' தொகுப்பின் இரண்டாம் பக்கத்தை மூன்றே பாடல்களால் நிரப்பியது. ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், ஆமை நடை. வேகம் போனாலும் அழுத்தம் போகவில்லை, இன்னும் கூடியது. வடிவத்தை உடைத்தவர்கள் அதன் உயிரைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

டர்ன்ஸ்டைலும் இதைச் செய்து காட்டிய குழுதான். 'டைம் அண்ட் ஸ்பேஸ்' (2018) பதின்மூன்று பாடல்களை இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தது. 'க்ளோ ஆன்' (2021) பதினைந்து பாடல்களுக்கு எடுத்துக்கொண்டது சுமார் முப்பத்தைந்து நிமிடம். அதில் விசைப்பலகை இருந்தது, கனவு போன்ற மெட்டுகள் இருந்தன, ப்ளட் ஆரஞ்ச் என்ற பெயரில் இயங்கும் தேவ் ஹைன்ஸின் குரலும் இருந்தது. எதையும் நாம் வெறுக்கவில்லை. இனிமை அங்கே அடிக்கு உள்ளேயே இருந்தது. ஒன்றைப் பிரித்தால் மற்றது நில்லாது.

'நெவர் எனஃப்' பதினான்கு பாடல்கள், நாற்பத்தைந்து நிமிடம். நீளத்தைக் குறை சொல்லவில்லை, அந்த நீளத்தை எது நிரப்புகிறது என்று கேட்கிறோம். தலைப்புப் பாடல் முடிய வேண்டிய இடத்தில் சின்தசைசர் ஒலி நெடுநேரம் மிதக்கிறது. 'லுக் அவுட் ஃபார் மீ' ஏறக்குறைய ஏழு நிமிடம் ஓடி, பால்டிமோர் க்ளப் தாளத்தில் இறங்குகிறது. அந்தத் தாளம் அந்த ஊரின் சொந்தச் சொத்து. வரவேற்க வேண்டிய எண்ணம். ஆனால் கிதாரின் சீற்றம் ஓய்ந்த பிறகே அது வருகிறது. சீற்றமும் அமைதியும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கின்றன. நடுவில் கதவு இல்லை. குறளுக்கு விரிவாக உரை எழுதலாம். அந்த உரையையே குறள் என்று நீட்டக் கூடாது.

உண்மையில் நம் குறை, குழு மாறிவிட்டது என்பதே அன்று. 'க்ளோ ஆன்' கண்டெடுத்த வரைபடத்தையே இது மறுபடி விரித்து வரைந்திருக்கிறது. துணிச்சல் என்று கொண்டாடப்படுவது நான்கு ஆண்டுப் பழைய துணிச்சல்.

இன்னொரு தரப்பையும் விட்டுவைக்க இயலாது. "விலைபோய்விட்டார்கள்" என்று கூவும் தூய்மைவாதிகள் நம் கூட்டாளிகள் அல்லர். ரோட்ரன்னர் என்ற பெரிய நிறுவனத்தின் வெளியீடாக வந்ததுதான், மேலே சொன்ன இருபத்தைந்து நிமிட 'டைம் அண்ட் ஸ்பேஸ்'. 2025 மே மாதம் தம் ஊர்ப் பூங்காவில் இலவசக் கச்சேரி நடத்தி, வீடற்றோருக்கு மருத்துவ உதவி செய்யும் அமைப்புக்கு நிதி திரட்டியவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்பது சோம்பேறித்தனமான வசை. நோக்கத்தைச் சந்தேகிப்பது எளிது. பாடலைக் காது கொடுத்துக் கேட்டு எங்கே தளர்கிறது என்று சொல்வதுதான் கடினம்.

இரு தரப்பும் செய்வது ஒன்றே: கேட்காமல் தீர்ப்பெழுதுவது. ஒரு தரப்புக்கு மாற்றம் தகுதிச் சான்றிதழ், மற்றதற்குக் குற்றப்பத்திரிகை. சிறுபத்திரிகை வாசகருக்கு இந்த இரண்டு முகங்களும் நன்கு பழக்கமானவை. தம் அபிமான எழுத்தாளரின் புதிய நாவல் சரியில்லை என்று சொன்னவர்கள் என்னவெல்லாம் கேட்க நேர்ந்தது என்பதை அவர்கள் அறிவார்கள்.

பிடித்த குழுவுக்கு ரசிகன் பட்ட கடன் கவனம். அதைப் பலமுறை செலுத்திவிட்டே பேசுகிறோம். சம்மதத்தையும் சேர்த்துக் கேட்பவர்கள் ரசனையைக் கட்சி உறுப்பினர் அட்டையாக்குகிறார்கள். அடுத்த தொகுப்பு வரும் நாளில் முதல் ஆளாகக் கேட்போம். அது ஒட்டவில்லை என்றால் அப்போதும் சொல்வோம்.