தொட்டியின் தரை

அக்கா மகன் வீடு கட்டுகிறான். கூடத்தில் எட்டடி நீளத்துக்கு மீன் தொட்டி வைக்க இடம் விட்டிருக்கிறான். போன வாரம் கொளத்தூர் வண்ணமீன் கடைகளைச் சுற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தான். "மாமா, ரெண்டு சுறா, ஒரு திருக்கை. ஒண்ணா விடலாம்ல?"

படம் காட்டினான். திருக்கை என்றது மோட்டோரோ. தென்னமெரிக்க ஆற்று மீன், நன்னீரில்தான் வாழும். சுறா என்றது சுறாவே இல்லை. மீகாங் ஆற்றுக் கெளுத்தி அது. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். வடிவத்தைப் பார்த்து அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அசல் சுறா வேண்டுமென்றால் உப்புத் தண்ணீர் வேண்டும். மோட்டோரோ அங்கேயே கழிந்துவிட்டது. பல சுறாக்களுக்கு மூச்சு விடவே நீந்திக்கொண்டிருக்க வேண்டும்; அவற்றைக் கண்ணாடிக்குள் அடைப்பது கொடுமை. மூங்கில் சுறா அப்படியல்ல. பகலெல்லாம் தரையில் படுத்தபடியே மூச்சு விடும், இருட்டினால் இரை தேடும். ஆனால் முட்டையிலிருந்து வரும்போது ஒரு சாண்கூட இல்லாத பட்டை மூங்கில் சுறா, ஒரு மீட்டர் வரை வளரும். நர்ஸ் சுறாக் குஞ்சும் அழகுதான். அது மூன்று மீட்டரை எட்டும். கலிபோர்னியாவின் சிறுத்தைச் சுறா குளிர்ந்த நீர்ப் பிராணி, நம் வெப்பத்துக்கு ஆகாது. வீட்டுக்கு எனக்குப் பிடித்தது பவளப் பூனைச்சுறா. எழுபது சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும்.

திருக்கை விஷயத்தில்தான் அவனோடு அதிக நேரம் பேசினேன். நீலப்புள்ளித் திருக்கையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் தொட்டிக்கு வந்ததும் இரை எடுக்காமல் மெலிந்து சாவது அதிகம். வட்டத் திருக்கை அதைவிடத் தாங்கும். எதுவானாலும் சொரசொரப்பான கல்லில் அதன் வயிறு கிழியும். புதைந்து படுக்க நைசான மணல் வேண்டும். வாய் அடியில் இருப்பதால் இரையின்மேல் படர்ந்துதான் தின்னும். அதே இரையை மோப்பம் பிடித்து வரும் சுறா, திருக்கையின் ஓரத்தையும் சேர்த்துக் கடித்துவிடலாம். கிளாத்தி மீனைக் கூட விட்டால் இரண்டையுமே கொத்தும். இவ்வகைச் சுறாவும் திருக்கையும் வாழ்வது தரையில். தொட்டி எத்தனை உயரம் என்பது அவற்றுக்குப் பொருட்டில்லை.

பல வருடங்களுக்கு முன் என் தொட்டி மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. கடையில் கொடுத்த செம்பு கலந்த மருந்தை ஊற்றினேன். அதே தொட்டியில்தான் ஒரு மூங்கில் சுறாவும் இருந்தது. சுறாவுக்கும் திருக்கைக்கும் செம்பு நஞ்சு என்று அப்போது எனக்குத் தெரியாது, கடைக்காரரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அது செத்துக் கிடந்தது. இன்றும் மனசு ஆறவில்லை.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டடி உயரம். தண்ணீர் மட்டுமே 1,800 லிட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு டன். தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள். அதில் இரண்டு பூனைச்சுறா போதும். திருக்கைதான் வேண்டுமென்றால் அதை மட்டும் தனியாக வை.

அகலத்துக்கு அவன் விட்டிருப்பது இரண்டடி. சுவரை இன்னும் இரண்டடி தள்ளச் சொல்லியிருக்கிறேன். முடியாதென்றால் சுறாவே வேண்டாம்.