ஒலி தெளிந்தால் மொழி தெளியும்



கணினி விளையாட்டு என்றதும் முகம் சுளிக்கும் ஆசிரியர்களுள் நானும் ஒருத்தி. ஆயினும், விளையாடும் பிள்ளைகளிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டேன். அதனை உரைக்கவே இப்பதிவு.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கும் கைப்பேசியே வகுப்பறையாயிற்று. அந்நாள்களில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வாசிக்கும்போதெல்லாம் சொல்லின் இறுதியை விழுங்கினான். ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ மூன்றும் எனக்கு ‘வந்தா’ என்றே கேட்டன. தமிழில் வினையின் ஈறுதானே ஆணா, பெண்ணா, பலரா என்று காட்டுகிறது! ஈறு போனால் பொருள் போயிற்று. ‘வாசிப்பில் கவனம் தேவை’ என்று அவன் பெயருக்கு நேரே குறித்தேன்.

பள்ளி திறந்தபின் நேரில் வாசிக்கச் சொன்னேன். ஈறுகள் அனைத்தும் மணிபோல் ஒலித்தன. வியந்து வினவினேன்.

“டீச்சர், கேம் விளையாடறப்ப நான் பேசுறது எல்லாருக்கும் நல்லா கேக்கும். அண்ணனோட வயர் இயர்போன போட்டுக்குவேன். வகுப்பு நேரத்துல அண்ணனுக்கும் வகுப்பு. அவரு எடுத்துக்குவாரு” என்றான்.

பிழை அவன் நாவில் இல்லை. கருவியின் குறையை நான் பிள்ளையின் குறையாக எழுதிவிட்டேன்.

குழுவாக ஆடும் விளையாட்டில் ஓர் எச்சரிக்கைச் சொல் அரைநொடி தாமதித்தாலும் ஆட்டம் தோற்றுவிடும். ஆகவே, பிள்ளைகள் குரலொலியில் கண்ணும் கருத்துமாய் இருக்கின்றனர். நாமோ எல்லாவற்றுக்கும் ‘லைன் சரியில்லை’ என்று பழி போடுகிறோம். விளையாடுவோர் பெரிதும் பயன்படுத்தும் டிஸ்கார்ட் செயலியில் இயங்குவது ஓப்பஸ் என்னும் ஒலிச்சுருக்க முறை. 2012-இல் தரப்படுத்தப்பட்ட இது, நொடிக்கு 6 கிலோபிட் அளவிலேயே பேச்சைக் கடத்த வல்லது. பேச்சுக்குப் பெருவேகம் வேண்டா; அறுபடாத இணைப்பும் நல்ல ஒலிவாங்கியுமே வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை இவை:

1. கம்பியுள்ள இயர்போனே நன்று. புளூடூத் கருவிகள் பல, ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். பேசுவதும் கேட்பதும் மங்கும்.

2. ஒலிவாங்கி வாய்க்கு நேரே இருந்தால் மூச்சுக்காற்று மோதும். வாயோரமாகச் சற்றுத் தள்ளி இருக்கட்டும். சட்டையில் உரச வேண்டா.

3. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே பேசினால் எதிரொலி எழும். அதை வெட்ட முயலும் செயலி, பிள்ளையின் குரலையும் சேர்த்து வெட்டும்.

4. தகரக் கூரையில் மழை கொட்டும்போது, இரைச்சல் நீக்கும் வசதி மெல்லிய ஈறுகளையும் இரைச்சலென நினைத்து நீக்கக்கூடும். அவ்வசதியைக் குறைத்து வைத்து, பேசும்போது மட்டும் ஒலிவாங்கியைத் திறப்பது மேல்.

5. அதே இணைப்பில் வீட்டார் காணொளி பார்ப்பதை அந்நேரம் நிறுத்தலாம்.

ஒலி தெளிவில்லையெனில் பிள்ளை ஒலியளவைக் கூட்டும், செவிக்கும் கேடு. சிறுவர்க்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை.

விளையாட்டுக்கு நான் பரிந்து பேசவில்லை. அதற்கு நேர வரம்பு வேண்டும். யாருடன் பேசுகிறான் என்பதைப் பெற்றோர் அறியவும் வேண்டும். ஆனால், கைப்பேசிக்குப் பல நூறு வெள்ளி செலவிடும் நாம், சில வெள்ளி இயர்போனைப் பிள்ளைக்கு ஒன்றென வாங்கித் தர ஏன் மறக்கிறோம்? பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

ஆசிரியத் தோழமைகளே, இயங்கலையில் கேட்ட குரலைக் கொண்டு ஒரு பிள்ளையின் வாசிப்பை மதிப்பிடாதீர்கள். நேரில் ஒருமுறை கேளுங்கள். நான் எழுதிய குறிப்பை அடித்துத் திருத்திவிட்டேன். ஆனால், அத்தனை மாதங்கள் ‘திருத்தமாய் வாசி’ என்று அவனைக் கடிந்துகொண்டேனே, அதை எப்படித் திருத்துவேன்?