மோட்டாருக்கு வழிகாட்டி

மோட்டார் வண்டி வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார்: "குடும்பத்துடன் வெளியூர் செல்லுகையில் ஊருக்கு ஊர் வண்டியை நிறுத்தி வழி கேட்பது சிரமமாயிருக்கிறது. குறைந்த விலையில் ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்க உத்தேசம். எதை வாங்கலாம்?"

வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. கடையில் போய் "ஜி.பி.எஸ்." என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் எடுத்து நீட்டுவது வழிகாட்டியாயிராமல், வண்டி எங்கே நிற்கிறது என்பதைச் சொந்தக்காரருக்குத் தெரிவிக்கும் சிறு பெட்டியாயிருக்கலாம். வண்டி களவு போனால் அது உதவும். டிரைவரைக் கண்காணிக்கவும் உதவும். ஆனால் வண்டி ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று சொல்லாது. மேலும் அதற்குள் ஒரு சிம் கார்டு உண்டு. அதற்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி, வழிகாட்டிக்கு வருவோம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் அமெரிக்கச் செயற்கைக் கோள்கள் ஓயாமல் நேரத்தை அறிவித்த வண்ணம் இருக்கின்றன. நான்கு கோள்களின் அறிவிப்புக் கிடைத்தால், கருவி தானிருக்கும் இடத்தைக் கணக்கிட்டு விடும். இந்த அறிவிப்புக்குக் கட்டணம் கிடையாது. 3,000 ரூபாய்க் கருவிக்கும் 30,000 ரூபாய்க் கருவிக்கும் அதே கோள்கள்தாம். ஆகவே, நாம் பணம் கொடுப்பது பெரும்பாலும் திரைக்கும், அதில் தெரியும் படத்துக்குமே.

அந்தப் படம் பழசாயிருந்தால் என்ன நேரும்? 2024-ம் வருஷம் நவம்பர் மாதம் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்தின் மேல் ஏறிய மோட்டார் ஒன்று ராமகங்கையில் விழுந்து மூவர் மாண்டனர். வழிகாட்டிப் படத்தை நம்பிச் சென்றார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆகையால், படம் எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதே முதல் கேள்வி. கைபேசித் தொடர்பு அற்ற இடத்தில் படம் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. கோள்களின் அறிவிப்புக்கு டவர் வேண்டியதில்லை. படத்தைத்தான் பல கருவிகள் போகிற போக்கில் இணையத்திலிருந்து இறக்கிக் கொள்கின்றன. மலைப்பாதையில் டவர் மறைந்ததும் வெறுந்திரையில் ஒரு புள்ளி மட்டும் நகர்ந்து கொண்டிருக்கும்!

இவ்வளவையும் யோசித்தால், அன்பர் தேடும் கருவி அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கிறதென்று நமக்குத் தோன்றுகிறது. போகவேண்டிய ஜில்லாக்களின் படத்தை வீட்டிலேயே கைபேசியில் இறக்கி வைத்துக் கொள்ளலாம். சில நூறு ரூபாயில் ஒரு தாங்கியும், வண்டியிலேயே மின்சாரம் ஏற்றும் வசதியும் இருந்தால் போதும். சிம் கார்டு எடுத்துவிட்ட பழைய கைபேசியும் இந்த வேலைக்கு ஆகும். வெயிலில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியடியில் மட்டும் அதை விட்டுவிட்டுப் போகலாகாது.

அமெரிக்கக் கோள்களையே நம்பியிருக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2000-ம் வருஷம் மே மாதம் வரையில், பொதுஜனங்களுக்கான அறிவிப்பை அமெரிக்க சர்க்கார் வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தனர். சுமார் 100 மீட்டர் வரை பிசகும். பிறர் கையிலுள்ள விளக்கு என்பது அதுதான். நம் தேசமும் 2013 முதல் 2016-க்குள் ஏழு கோள்களை ஏவி "நாவிக்" என்னும் ஏற்பாட்டை அமைத்தது. ஆனால் அவற்றில் வைத்த அணுக் கடிகாரங்கள் ஐரோப்பாவிலிருந்து வாங்கியவை; பல பழுதாகி விட்டன. விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் கணக்கில் 300 மீட்டர் தவறுமே! 2023 மே மாதம் ஏவிய கோளில் நம்மவர் செய்த கடிகாரம் இடம்பெற்றது. 2025 ஜனவரியில் ஏவிய அடுத்த கோளோ உரிய பாதையை எட்டவில்லை. இதை மறைப்பதில் தேசாபிமானம் ஒன்றுமில்லை. நாவிக்கை மட்டும் நம்பாமல், ஜி.பி.எஸ்ஸையும் அதனோடு சேர்த்து ஏற்கும் கருவியே உசிதம்.

அன்பருடைய கைபேசியின் விவரக் குறிப்பில் இரண்டு பெயரும் இருக்கின்றனவா என்று பார்க்கும்படி எழுதியிருக்கிறோம். பின்சக்கர டயர்கள் இரண்டும் வழுக்கையாகி விட்டதாகக் கடிதத்தின் கோடியில் குறிப்பிட்டிருந்தார். கருவிக்கென்று ஒதுக்கிய பணத்தை அங்கே செலவிடலாம்.