செயற்கைக்கோள் முஃப்தி ஆகிவிட்டதா?



சென்ற மாதம் அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் பள்ளிவாசலில் ஒரு வாலிபர் எழுந்து நின்றார். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பணிபுரிபவர், நல்ல பிள்ளை. கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, "ஹஜ்ரத், சேட்டிலைட்டே சொல்லுதுங்க, நம்ம பள்ளி கோணலா இருக்குதுங்க. இத்தனை வருசம் தொழுதது எதுவுமே கூடாதுங்க" என்றார். முதல் ஸஃப்பில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரின் முகம் வாடிப்போயிற்று. அப்பள்ளிக்குக் கல் சுமந்தவர் அவருடைய அத்தா. மறுநாளிலிருந்து பெரியவர் ஜமாஅத்துக்கு வரவில்லை. வாலிபர்கள் நால்வர் பின்பக்கத்தில் தனி ஜமாஅத் நடத்துகிறார்கள்.

அன்பிற்குரிய தம்பிகளே, செயற்கைக்கோள் அப்படி எதையும் சொல்லவில்லை. ஜி.பி.எஸ். கோள்கள் பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு, நீங்கள் நிற்கும் இடம் எது என்பதைக் கைப்பேசி கணக்கிடுகிறது. அசையாமல் நிற்பவர் எந்தத் திசையை நோக்கி நிற்கிறார் என்பது அக்கோள்களுக்குத் தெரியாது. அம்புக்குறியைத் திருப்புவது கைப்பேசிக்குள் இருக்கும் கடுகளவு காந்த உணரி. இரும்புக் கம்பி பதித்த தூணும், ஜன்னல் கிராதியும், ஒலிபெருக்கியின் காந்தமும், ஏன், கைப்பேசி உறையிலுள்ள காந்தப் பூட்டும்கூட அதை ஏமாற்றிவிடும். அன்றே மூன்று கைப்பேசிகளை வாங்கி ஒரே முஸல்லாவின் மீது வைத்துப் பார்த்தேன். மூன்றும் மூன்று திசை காட்டின. எதைப் பின்பற்றி மூன்றாவது ஜமாஅத்தைத் தொடங்குவது?

இன்னொன்றையும் கவனியுங்கள். அவிநாசியிலிருந்து மக்கா ஏறத்தாழ 4,100 கிலோமீட்டர். நீங்கள் நிற்கும் இடம் ஐந்து கிலோமீட்டர் பிசகினாலும் கிப்லாவின் கோணம் பத்தில் ஒரு பாகைகூட மாறாது. ஊர்ப்பெயர் தெரிந்தாலே கணக்குப் போதும். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் கஸ்னா நகரின் கிப்லாவைக் கண்டறிவதற்காக அல்பிரூனி ஒரு தனி நூலே எழுதினார். அவருக்கு எந்தக் கோள் உதவியது? அப்படியிருக்க, இரவும் பகலும் உங்கள் இருப்பிடத்தை அறியும் அனுமதியை ஒரு செயலிக்கு ஏன் கொடுக்கிறீர்கள்? 'முஸ்லிம் ப்ரோ' செயலி பயனாளர்களின் இருப்பிடத் தரவை எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்கு அனுப்பியதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் 'மதர்போர்டு' இதழ் வெளிக்கொணர்ந்தது. ராணுவத்துக்குத் தாங்கள் விற்கவில்லை என்று செயலி நிறுவனம் மறுத்தது. ஆயினும் அத்தரகு நிறுவனத்துடனான உறவை முறித்துக்கொண்டது. தொழுகைக்குத் திசை கேட்டவன், தான் எங்கெங்கு தொழுகிறான் என்பதை விலையாகக் கொடுத்திருக்கிறான்.

இதைப் படித்துவிட்டு நிர்வாகிகள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். வாலிபர் சொன்ன முறை தவறு. சொன்ன செய்தி முழுத் தவறன்று. நம் முன்னோர் "மேற்கே தொழு" என்று சொல்லிப் பல பள்ளிகளை நேர் மேற்காகக் கட்டினார்கள். அவிநாசியிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து வடக்கே சுமார் 21 பாகை சாய்ந்திருக்கிறது. நேர் மேற்கே கோடு இழுத்தால் அது எத்தியோப்பியாவில் போய் நிற்கும். நஜ்ஜாஷி மன்னரின் நாடு நமக்கு நேசத்துக்குரியதுதான், ஆனால் அது கிப்லா அல்லவே! 2010-ல் இந்தோனேசிய உலமா சபை கிப்லா மேற்கு என்று ஃபத்வா அளித்துவிட்டு, அதே ஆண்டில் வடமேற்கு என்று திருத்திக்கொண்டது. பள்ளிகளை இடிக்கத் தேவையில்லை, ஸஃப்பைத் திருப்பினால் போதும் என்றது. அதற்கு இருந்த துணிவு நம் முத்தவல்லிகளுக்கு ஏன் இல்லை? ஸஃப் சாய்ந்தால் மூலையில் பத்துப் பேருக்கு இடம் குறையும், புதுக் கம்பளம் வீணாகும் என்பதெல்லாம் ஒரு காரணமா?

அந்தப் பெரியவரின் கலக்கத்துக்கு மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத விடை உண்டு. நம் வட்டாரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், தொலைவில் இருப்பவருக்குக் கஅபாவின் திசை போதுமானது. இருபுறமும் 45 பாகைக்குள் விலகல் இருந்தால் தொழுகை முறியாது. 21 என்பது 45-க்குள் அடக்கம். அவர் அத்தா தொழுத தொழுகையும் அவர் தொழுத தொழுகையும் நிறைவேறியவையே. ஷாஃபிஈ மத்ஹபில் கட்டுப்பாடு கூடுதல். ஆகவே அச்சகோதரர்களை முன்னிட்டேனும் திருத்தத்தைத் தள்ளிப்போடலாகாது.

செய்ய வேண்டியது எளிது. ஆண்டுக்கு இருமுறை, மே 27 அல்லது 28-லும் ஜூலை 15 அல்லது 16-லும், கதிரவன் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. மே மாதத்தில் நம் நேரப்படி பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. அந்த வேளையில் தரையில் செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் கிப்லாவுக்கு நேர் எதிர்ப்புறம் விழும். நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கிக் கோடு இழுத்தால் அதுவே கிப்லா. காந்தமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். அன்று மேகம் மறைத்தால் அடுத்த நாள் அதே நேரத்தில் பார்க்கலாம்.

வரும் மே 28 அன்று லுஹர் முடிந்து யாரும் கலைய வேண்டாம் என்று ஜமாஅத்தில் அறிவித்திருக்கிறேன். முற்றத்தில் குச்சியும் தூக்குக்குண்டும் ஆயத்தமாக இருக்கும். கைப்பேசித் தம்பியைச் சுண்ணாம்புக் கோடு போட அழைத்திருக்கிறேன். பெரியவரின் வீட்டுக்கு நேற்று மஃரிபுக்குப் பிறகு போய், குச்சியைப் பிடிக்க அவர்தான் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். "பார்க்கலாங்க ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார்.