ஐரோப்பிய வரைபடத் தரவுகள்: ஒரு விவரக் குறிப்பின் அரசியல்

ஜெர்மனியையும் சுவிட்சர்லாந்தையும் இணைக்கும் வகையில் லாஃபன்பர்க் நகரில் ரைன் நதியின் மேல் பாலம் கட்டப்பட்டபோது, இரு கரைகளுக்கும் இடையே 54 சென்டிமீட்டர் உயர வேறுபாடு இருப்பது 2003இல் தெரியவந்தது.

ஜெர்மனி ஆம்ஸ்டர்டாம் கடல் மட்டத்தையும், சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடல் மட்டத்தையும் கொண்டு உயரத்தைக் கணக்கிட்டன. இரண்டுக்கும் இடையிலான 27 சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பொறியியலாளர்கள் அறிந்தே இருந்தனர். ஆனால், அதைக் கூட்டுவதா கழிப்பதா என்பதில் நேர்ந்த தவறு அவ்வித்தியாசத்தை இரட்டிப்பாக்கியது.

வித்தியாசம் தெரிந்திருந்தபோதே இந்த நிலை என்றால், எந்த அடிப்படையில் அளக்கப்பட்டது என்ற குறிப்பே இல்லாத தரவுகள் நாடுவிட்டு நாடு செல்லும்போது என்ன நேரும் என்பதை ஊகிக்கலாம்.

இன்ஸ்பயர் சட்டம்

இத்தகைய குறிப்புகளே 'மெட்டாடேட்டா' எனப்படுகின்றன. தரவு யாருடையது, எப்போது, எவ்வாறு திரட்டப்பட்டது, யார் பயன்படுத்தலாம் என்பவற்றை அவை தெரிவிக்கின்றன. இதற்கான ஐஎஸ்ஓ 19115 என்ற சர்வதேசத் தரம் 2003இல் வெளியானது.

2007 மே மாதம் நடைமுறைக்கு வந்த 'இன்ஸ்பயர்' சட்டத்தின் மூலம் ஐரோப்பிய ஒன்றியம், 34 துறைகள் சார்ந்த புவியியல் தரவுகளுக்கு இக்குறிப்புகளைக் கட்டாயமாக்கியது. அளவீட்டு அடிப்படையைக் குறிப்பிடவேண்டும் என்ற விதி 2010இல் வந்தது.

மறைக்க முடியாத இருப்பு

இச்சட்டத்தின் அரசியல் முக்கியத்துவம் வேறோர் இடத்தில் உள்ளது. வர்த்தக இரகசியம் போன்ற காரணங்களுக்காக ஓர் அரசு தரவை வெளியிட மறுக்கலாம். ஆனால், அப்படியொரு தரவு இருக்கிறது என்பதையே தேடுவோரிடமிருந்து மறைப்பதற்கு, தேசப் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு, சர்வதேச உறவு ஆகிய மூன்று காரணங்களே ஏற்கப்படுகின்றன. தேடும் வசதியும் இலவசமாக இருக்கவேண்டும்.

இருப்பதே தெரியாத ஒன்றைக் குடிமக்கள் கேட்டுப் பெற முடியாது. இருப்பது தெரிந்தால், மறுப்புக்கான காரணத்தையாவது கேள்விக்கு உட்படுத்தலாம்.

பலவீனம்

அதேவேளை, பயன்பாட்டு நிபந்தனைகளைக் கட்டாயம் குறிப்பிடவேண்டும் என்று கூறும் 2008ஆம் ஆண்டு விதியே, அவை தெரியாவிட்டால் 'நிபந்தனைகள் தெரியவில்லை' என்று எழுதவும் இடமளித்தது. படிவம் முழுமையடைந்தாலும், தரவைப் பயன்படுத்த விரும்புபவருக்கு விடை கிடைப்பதில்லை.

உயர் மதிப்புடையவை என வகைப்படுத்தப்பட்ட தரவுகளைப் பொதுவாக இலவசமாகவும், திறந்த உரிமத்துடனும் வெளியிடவேண்டும் என்ற ஒழுங்குவிதி 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. புவியியல் தரவுகளும் அதில் அடங்கும். இது அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

எனினும், தரவைத் திறந்துவிடுவது மட்டும் போதாது. அது எந்தக் கடலின் மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது என்ற குறிப்பைச் சரியாக எழுதும் பொறுப்பு அதிகாரிகளிடமே இருக்கிறது.